‘ஓனர் நேரடி’ வீட்டில் ஓனர் யார்?

கேள்வி: நான் கும்பகோணத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தரமணியில் வேலை பார்க்கும் மகளுடன் இருப்பதற்காகச் சென்னைக்கு வருகிறேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கோயில், காய்கறி, மருந்துக்கடை, ரயில் எல்லாமே நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதால் மயிலாப்பூரில் வீடு பார்க்கிறோம். மந்தைவெளிப் பக்கம் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று, ‘ஓனர் நேரடி, புரோக்கர்கள் அழைக்க வேண்டாம்’ என்ற விளம்பரத்தில் கிடைத்தது. வாடகை 28,000 ரூபாய், அட்வான்ஸ் 2 லட்சம். உரிமையாளர் சிங்கப்பூரில் இருக்கிறாராம்; வீட்டைக் காட்டியவர் அவருடைய தம்பி. அட்வான்ஸையும் வாடகையையும் தன் கணக்குக்கே அனுப்பச் சொல்கிறார். 11 மாத ஒப்பந்தம், புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் 10 சதவீத உயர்வு, காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம் என்கிறார். ‘பதிவெல்லாம் எதற்கு, நம்பிக்கையில்தானே போகிறோம்’ என்றும், நாளை வேறொரு குடும்பம் பார்க்க வருவதால் இன்றே 20,000 ரூபாய் டோக்கன் போட்டுவிடும்படியும் சொல்கிறார். எங்களுக்கு வீடு பிடித்திருக்கிறது. பணத்தைப் போடலாமா?

பதில்: வணக்கம் அம்மா. இன்று போட வேண்டாம். அந்த வீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தம்பி என்று சொல்லிக்கொள்பவர் உண்மையிலேயே தம்பியாக இருக்கலாம், வீடும் நீங்கள் எழுதியிருப்பதைப் போலவே நல்ல வீடாக இருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தும் அதில் உரிமையாளரை நான் எங்கும் பார்க்கவில்லை. விளம்பரத்தில் ‘ஓனர் நேரடி’ என்று இருக்கிறது. அந்த ஓனரிடம் நீங்கள் இதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

சென்னையில் தரகர் மூலம் வீடு பிடித்தால் ஒரு மாத வாடகை வரை கமிஷன் கொடுப்பது வழக்கம் என்பதால், நேரடியாகப் பிடிக்கும்போது உங்களுக்கு ஏறக்குறைய 28,000 ரூபாய் மிச்சமாகிறது. அது சிறிய தொகை இல்லை. ஆனால் பல வருடங்களாக அந்தத் தெருக்களிலேயே அலைந்த ஒரு நல்ல தரகருக்கு எந்த வீட்டில் அண்ணன் தம்பிக்குள் வழக்கு நடக்கிறது, எந்தக் கட்டடத்தில் கோடையில் தண்ணீர் வராது, எந்த வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க இழுத்தடிப்பார் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். அவருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி இந்த அறிவுக்குத்தான். அதை மிச்சம் பிடிக்கும்போது அந்த விசாரணையும் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. இரண்டு மூன்று நாள் அதற்கு ஒதுக்கியே ஆக வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பது. கிரயப் பத்திரத்தின் முதல் சில பக்கங்களின் நகல், நடப்பு ஆண்டின் சொத்து வரி ரசீது, கடைசியாகக் கட்டிய மின் கட்டண ரசீது ஆகிய மூன்றையும் கேளுங்கள். சொத்து வரி ரசீதில் பெயர் இருப்பதால் மட்டுமே ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார், மின் இணைப்பு கட்டடம் கட்டியவர் பெயரிலேயே இன்னும் இருந்தாலும் அது குற்றமில்லை. ஆனாலும் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கதை ஒத்துப்போகிறதா என்பது தெரிந்துவிடும். பத்திர எண் கிடைத்ததும் பதிவுத் துறையின் இணையதளத்தில், சொத்தின் மீதான விற்பனை, அடமானப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றைக் கட்டணமின்றிப் பார்க்க முடியும், உங்கள் மகள் பத்து நிமிடத்தில் பார்த்துவிடுவார். அதில் வங்கிக்கு அடமானம் வைத்த பதிவு இருந்தால் பதற வேண்டாம். வீட்டுக் கடன் இல்லாத ஃபிளாட்டைத் தேடினால் வருடக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். தவணை ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் கடன் கட்டாமல் வங்கி வீட்டைக் கைப்பற்ற வரும் நாளில், எழுத்துப்பூர்வமான, பதிவு செய்த ஒப்பந்தம் கையில் இல்லாத குடித்தனக்காரரின் நிலை மிகவும் பலவீனமானது. இதே காரணத்தால்தான், மாத வாடகை இல்லாமல் பல லட்சங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு ‘லீசுக்கு’ விடுகிறோம் என்று யாராவது ஆசை காட்டினால் விலகி நில்லுங்கள் என்று என்னிடம் வருபவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன்.

சொத்து அண்ணன் பெயரில் இருப்பது உறுதியானால், தம்பி எந்த அதிகாரத்தில் வீட்டை வாடகைக்கு விடுகிறார் என்பது அடுத்த கேள்வி. அண்ணன் எழுதிக் கொடுத்த பவர் பத்திரம் இருந்தால், வாடகைக்கு விடவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் பணம் பெறவும் அதில் தெளிவாக அனுமதி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். வெளிநாட்டில் கையெழுத்தான பவர் பத்திரம் என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றோ நோட்டரியின் சான்றோ அதில் இருப்பதும், இங்கு வந்த பிறகு முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டிருப்பதும் அவசியம். பவர் இல்லையென்றாலும் வழி இருக்கிறது: ஒப்பந்தத்தை அண்ணனே தன் பெயரில் கையெழுத்திட்டு அனுப்பலாம், தம்பி சாவி கொடுப்பவராகவும் பழுது பார்க்க ஆள் அனுப்புபவராகவும் மட்டும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் அண்ணனோடு ஒரு முறை வீடியோ அழைப்பில் பேசிவிடுங்கள். பேசும்போது, ஆசிரியைக்கே உரிய பழக்கத்தில், வீட்டைப் பற்றி அவருக்கு மட்டும் தெரியக்கூடிய இரண்டு கேள்விகள் கேளுங்கள். எந்த வருடம் வாங்கினீர்கள், முன்பு யார் குடியிருந்தார்கள் என்பது போல. சொந்த வீட்டைப் பற்றிப் பேசச் சொன்னால் யாரும் சுருக்கமாகப் பேசுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் என் அலுவலகத்துக்கு வந்தது. தம்பியிடம் 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, மாதந்தோறும் அவர் கணக்குக்கே வாடகை அனுப்பி, ஒன்றரை வருடம் எந்தக் குறையும் இல்லாமல் குடியிருந்தவர்கள். விடுமுறைக்கு வந்த அண்ணன் கதவைத் தட்டி, ‘நீங்கள் யார்?’ என்று கேட்டிருக்கிறார். தம்பி காட்டிய ஒப்பந்தத்தில் ‘உரிமையாளர்’ என்ற இடத்தில் தம்பியே கையெழுத்திட்டிருந்தார். 3 லட்சத்தைப் பற்றி அண்ணனுக்கு எதுவும் தெரியாது, தெரிந்த பிறகும் ‘அவனிடம் கொடுத்ததை அவனிடமே கேளுங்கள்’ என்பதுதான் அவர் பதில். யாரும் அங்கே மோசடிக்காரர் இல்லை என்பதுதான் அந்த வழக்கின் வேதனை. தம்பி அந்தப் பணத்தைத் தாயாரின் மருத்துவத்துக்குச் செலவழித்திருந்தார். பெரும்பகுதி சமரசத்தில் திரும்பி வந்தது. அதற்கு ஆன காலத்தையும் அலைச்சலையும் நான் இங்கே எழுதப் போவதில்லை.

பணம் யார் கணக்குக்குப் போகிறது என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, இதைப் பலரும் நோட்டீஸ் வந்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள். உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், அவருக்குக் கொடுக்கும் வாடகையிலிருந்து வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்தும் கடமை வாடகை கொடுப்பவருடையது. உள்நாட்டில் இருக்கும் உரிமையாளர் என்றால் மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டும்போதுதான் தனிநபர் குடித்தனக்காரர் 2 சதவீதம் பிடிக்க வேண்டும், உங்கள் வாடகைக்கு அந்தக் கேள்வியே எழாது. வெளிநாடுவாழ் உரிமையாளர் விஷயத்தில் அப்படிக் கீழ்வரம்பு எதுவும் இல்லை; விகிதமும் 30 சதவீதம், அந்த வரித் தொகையின் மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரியும். 28,000 ரூபாய் வாடகைக்குக் கணக்கிட்டால் மாதம் 8,736 ரூபாயைப் பிடித்துச் செலுத்த வேண்டியிருக்கும். உரிமையாளர் இதைக் கேட்டு அதிர்ச்சி அடையலாம். அவருக்கு உண்மையில் அவ்வளவு வரி வராது என்றால், வருமான வரித் துறையிடம் குறைந்த விகிதத்தில் பிடிப்பதற்கான சான்றை அவர் வாங்கித் தரலாம், கூடுதலாகப் பிடித்ததைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பவும் பெறலாம். வாடகையும் அவருடைய என்.ஆர்.ஓ. கணக்குக்கு, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர்கள் இங்கே வரும் வருமானத்துக்காக வைத்திருக்கும் வங்கிக் கணக்குக்கு, போவதுதான் முறை. தம்பியின் கணக்குக்கு அனுப்பினால் இந்தப் பிரச்சினையெல்லாம் இல்லை என்று உங்களிடம் சொல்லக்கூடும். இல்லாமல் போவதில்லை, கண்ணில் படாமல் இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் மகள் பழைய வரி முறையில் இருந்து வீட்டு வாடகைப்படிக்கு விலக்கு கோருபவர் என்றால், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் அலுவலகத்தில் உரிமையாளரின் பான் எண்ணைக் கேட்பார்கள், அப்போது எல்லாம் வெளியே வந்துவிடும். ஒப்பந்தத்தை மகள் பெயரில் போட்டு, வாடகையையும் அவர் கணக்கிலிருந்தே அனுப்புங்கள். முதல் மாத வாடகைக்கு முன்பே ஒரு கணக்குத் தணிக்கையாளரிடம் ஒரு முறை போய் வருவது நல்லது.

இனி ‘பதிவெல்லாம் எதற்கு’ என்ற பேச்சு. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1960-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்குப் பதிலாக, உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அது இந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்படவும் வேண்டும். 11 மாதம் என்று போட்டால் பதிவே தேவையில்லை என்று ஊர் முழுக்க ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றியது: ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் அங்கே பதிவு கட்டாயம் என்பதால் 11 மாதம் என்ற வழக்கம் வந்தது. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு, அதற்கு 11 மாதம் என்பது விலக்கு ஆகாது. இணையவழியில் இரு தரப்பின் அடையாள ஆவணங்களோடு ஒப்பந்தத்தை ஏற்றி விண்ணப்பித்தால் ஒரு வாடகைப் பதிவு எண் கிடைக்கும். அந்த எண் இல்லாத ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அட்வான்ஸ் வரவில்லை என்றோ தண்ணீரை நிறுத்திவிட்டார்கள் என்றோ அந்தச் சட்டத்தின்கீழ் நிவாரணம் கேட்பது கடினம். உரிமையாளருக்கும் இதே நிலைதான். வாடகை கொடுக்காதவரைக் காலி செய்யச் சொல்லி அவர் போனாலும் முதலில் பதிவைத்தான் கேட்பார்கள். தம்பியிடம் பேசும்போது இந்த இரண்டாவது பாதியை அழுத்திச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் ‘உங்களுக்கும் பாதுகாப்பு’ என்ற சொல் வேலை செய்யும் அளவுக்குச் சட்டப் பிரிவு எண்கள் வேலை செய்வதில்லை.

அட்வான்ஸ் பற்றி அந்தச் சட்டம் சொல்வது, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளப்படாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது. உங்கள் கணக்கில் அது 84,000 ரூபாய். அவர் கேட்பது ஏழு மாத வாடகைக்கும் சற்று அதிகம். சென்னையில் பத்து மாதம் வாங்கியவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள் என்பதால் இதை அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘வேறுவிதமாக ஒப்புக்கொள்ளப்படாத வரை’ என்ற வாசகம் இருப்பதால், 2 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் சட்டத்தைக் காட்டுவதில் பயனில்லை. பேச வேண்டிய நேரம் இதுதான். ஒரு லட்சத்தில் தொடங்கி ஒன்றேகால் வரை போகலாம் என்பது என் யோசனை. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதை ஒப்பந்தத்திலும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த குடித்தனக்காரர் வந்து அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் உங்களுக்குத் தருவேன் என்ற வழக்கமான பேச்சுக்கு அது முன்கூட்டியே பதிலாகிவிடும்.

பெயின்டிங் பிடித்தத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. பத்து மாதம் இருந்தாலும் பத்து வருடம் இருந்தாலும் ஒரு மாத வாடகை என்பது சுவருக்கும் சுண்ணாம்புக்கும் சம்பந்தமில்லாத கணக்கு. சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் வேலைகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன: கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவது, மின் வயரிங் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாயின் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கீசர், வாஷ்பேசின், கழிவறைச் சிறு பழுது, பூட்டு, தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவை குடியிருப்பவருடையவை. ஆனால் இதிலும் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ள இடம் இருப்பதால், ‘ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்கு’ என்று அச்சடித்திருக்கும் வரியை அடித்துவிட்டு, ‘இயல்பான தேய்மானம் நீங்கலாக, ஏற்பட்ட சேதத்துக்கு ரசீது அடிப்படையில்’ என்று மாற்றச் சொல்லுங்கள். அதற்கு அவர் சம்மதிக்கவே இல்லையென்றால், மூன்று வருடத்துக்குள் காலி செய்தால் பாதி மாத வாடகை என்ற அளவிலாவது நிறுத்துங்கள். உள்ளே போகும் நாளில் ஒவ்வொரு சுவரையும், சமையலறை மேடையின் ஓரத்தையும், குளியலறைத் தரையையும் மகள் வீடியோ எடுத்து அன்றே உரிமையாளருக்கு அனுப்பிவிட வேண்டும்.

வாடகை உயர்வைப் பற்றிச் சுருக்கமாக. 11 மாதத்துக்கு ஒரு முறை 10 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 10 சதவீதத்தையும் விட வேகமானது: 28,000 மூன்று புதுப்பித்தலில், அதாவது மூன்று வருடம் நிறைவதற்குள், 37,268 ஆகிவிடும். உங்கள் ஓய்வூதியத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வருட ஒப்பந்தம், ஆண்டுக்கு 5 சதவீதம் என்று கேட்டுப் பாருங்கள். அப்படி நீண்ட காலத்துக்கு எழுதினால் சார்பதிவாளர் பதிவும் முத்திரைச் செலவும் சேரும், ஆனால் வயதான காலத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மூட்டை கட்டுவதைவிட அது மலிவு.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இந்த வாடகையைச் சுவர்களுக்காகக் கொடுக்கவில்லை, நடைக்காகக் கொடுக்கிறீர்கள். ‘எல்லாம் வாக்கபிள் டிஸ்டன்ஸ்’ என்று விளம்பரம் எழுதுபவர் பெரும்பாலும் வரைபடத்தில் பார்த்த தூரத்தைத்தான் எழுதுகிறார். ஆகவே ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அந்தக் கட்டடத்தின் வாசலில் இருந்து புறப்பட்டுக் கபாலீசுவரர் கோயில் வரை நடந்து, தெற்கு மாட வீதியில் நான்கு கிலோ காய்கறி வாங்கி, பையைக் கையில் தூக்கிக்கொண்டே திரும்பி வந்து, இரண்டு மாடிப் படியையும் ஏறிப் பாருங்கள். இடையில் எத்தனை முறை பையைக் கீழே வைத்தீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ராமகிருஷ்ண மடம் சாலையை எங்கே கடக்க முடிகிறது, நடைபாதையில் நிறுத்தியிருக்கும் பைக்குகளுக்காகவும் மின்பெட்டிகளுக்காகவும் எத்தனை இடத்தில் சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது என்பது அந்த ஒரு நடையில் தெரிந்துவிடும். இரண்டாம் கட்ட மெட்ரோவின் இரண்டு வழித்தடங்கள் திருமயிலையில் பூமிக்கடியில் சந்திக்கின்றன. அந்த வேலைக்காக லஸ் பகுதியில் சாலைகள் மாற்றிவிடப்பட்டதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதுபோன்ற காலத்தில் வரைபடம் காட்டும் வழி ஒன்றாகவும், தகரத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு போகும் வழி வேறாகவும் இருக்கும். மாலை நடைக்கு நாகேஸ்வர ராவ் பூங்காவை மனதில் வைத்திருந்தால் அந்த வழியையும் தனியாக நடந்து பாருங்கள்.

மகளுக்குப் பறக்கும் ரயில் வசதிதான். மந்தைவெளியிலோ திருமயிலையிலோ ஏறினால் மாறாமல் தரமணியில் இறங்கலாம். ஆனால் அவர் திரும்பி வரும் நேரத்தில், இரவு எட்டரை ஒன்பது மணிக்கு, நிலையத்தின் படிக்கட்டிலிருந்து வீட்டு வாசல் வரை இருவரும் சேர்ந்து ஒரு முறை நடந்து பாருங்கள். அந்த நிலையங்கள் பிரம்மாண்டமாகக் கட்டப்பட்டவை, அந்த அளவுக்கு ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் எல்லா நேரத்திலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. எந்தப் பக்க வாசல் திறந்திருக்கிறது, தெருவிளக்கு எங்கே விட்டுப்போகிறது என்பது பகலில் தெரியாது. இன்னொன்று, மாட வீதிகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் பங்குனிப் பெருவிழாவின் தேரன்றும் அறுபத்து மூவர் அன்றும் ஆட்டோவை வாசலுக்கு அழைக்க முடியாது. உங்களுக்கு அது குறையாகத் தோன்றாது என்று நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு வீடு மாற்ற நாள் குறித்துவிடாதீர்கள்.

அதே காலையில் வீட்டுக்குள்ளும் போய்விடுங்கள். குடியிருப்பவர்கள் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் சமையலறைக் குழாயைத் திறந்து, வருவது குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரா ஆழ்குழாய்த் தண்ணீரா என்று கேளுங்கள்; குழாய் முனையிலும் குளியலறைப் பக்கெட்டிலும் வெள்ளைப் படிவு இருந்தால் பதில் அங்கேயே இருக்கிறது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் செலவை யார் தருவது, மாதப் பராமரிப்புத் தொகை வாடகையில் அடக்கமா தனியா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தரைத்தளத்தில் வண்டி நிறுத்துமிடத்தின் சுவரைப் பாருங்கள்: மழைநீர் நின்ற கட்டடங்களில் முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு, எத்தனை முறை வண்ணம் பூசினாலும், மீண்டும் மேலே வந்து நிற்கும். மீட்டர் பெட்டி அங்கேதான் இருக்கும், அது அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். உங்கள் ஃபிளாட்டுக்குத் தனி மீட்டர் என்றால், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் கட்டணத்தில் வீட்டு இணைப்புகளுக்கான இலவச யூனிட் சலுகை உங்களுக்கே கிடைக்க வேண்டும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று தம்பி வசூலிக்கும் ஏற்பாட்டுக்கு இடமில்லை. பழைய பாக்கி இல்லை என்பதற்கு ரசீதும், குடியேறும் நாளின் மீட்டர் அளவின் புகைப்படமும் போதும். பக்கத்து ஃபிளாட்டின் கதவைத் தட்டி, முன்பு இருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். மயிலாப்பூரில் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்கும். வேண்டியதைவிட அதிகமாகவே கிடைக்கும். சில வீடுகளில் உணவுப் பழக்கம், விருந்தினர், பூஜை என்று எழுதப்படாத நிபந்தனைகள் இருக்கும். அவற்றையும் இப்போதே வாய்விட்டுக் கேட்டுவிடுவது பின்னால் மனஸ்தாபம் வராமல் காக்கும்.

நாளை வரப்போகும் அந்த இன்னொரு குடும்பத்தைப் பற்றி: அவர்கள் உண்மையாகவே இருக்கலாம், வீடு அவர்களுக்கே போகவும் செய்யலாம். இருபதாயிரத்தை இழப்பதைவிட ஒரு வீட்டை இழப்பது உங்களுக்குச் சுலபம். அவசரப்படுத்துவது மட்டுமே மோசடிக்கு அடையாளம் இல்லை. தான் ராணுவ அதிகாரி, வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது என்று சொல்லி, வீட்டையே காட்டாமல் க்யூஆர் குறியீடு அனுப்பிப் பணம் கேட்பவர்களோடு இவரை ஒப்பிட முடியாது. இவர் நேரில் வந்து கதவைத் திறந்து காட்டியிருக்கிறார். ஆகவே முகத்தில் அடித்தாற்போல் மறுக்காமல், இன்று மாலையே கீழ்க்கண்டவாறு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்:

‘வணக்கம் சார். எங்களுக்கு வீடு பிடித்திருக்கிறது, எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். கிரயப் பத்திர நகல், சொத்து வரி ரசீது, கடைசி மின் கட்டண ரசீது மூன்றையும் அனுப்புங்கள். உங்கள் அண்ணனோடு வீடியோவில் ஐந்து நிமிடம் பேச ஏற்பாடு செய்யுங்கள். பேசி முடித்த அன்றே 10,000 ரூபாய் டோக்கனை அண்ணன் கணக்குக்கு அனுப்புகிறோம். அது அட்வான்ஸில் கழிக்கப்படும், ஒப்பந்தம் பதிவாகாவிட்டால் திருப்பித் தரப்படும் என்று நீங்கள் பதிலில் எழுதினால் போதும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யும் செலவை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம்.’

இரண்டு நாளுக்குள் ஆவணங்கள் வந்தால் அவற்றை எனக்கும் அனுப்பிவையுங்கள். ஒப்பந்த வரைவோடு சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.